கல்வியாளரும் கலைக்களஞ்சியமும்: ஒரு பதிவுக்குத் தகுதி எது?



மொழியியல் படித்தவன் என்பதால் ஒலியனைப் பற்றியோ வேற்றுமை உருபுகளைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஒரு கல்வியாளருக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிப்பதிவு இருக்கலாமா, கூடாதா என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்பதே அது. இப்பொருளை நான் தேடிச் செல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அதை என் முன் வைத்தது.

அழைத்தவர் என் பழைய மாணவி. இப்போது ஆசிரியராகப் பணியாற்றுகிறார். “ஐயா, நம் பேராசிரியரைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். ஏற்க மறுத்துவிட்டார்கள். அவருக்கே இடமில்லையென்றால் வேறு யாருக்கு ஐயா இடம்?” என்று கேட்டார். அவர் குரலில் வருத்தத்தைவிடச் சினம் மிகுந்திருந்தது. ‘நம் பேராசிரியர்’ என்று அவர் குறிப்பிட்டவர் எனக்கு மொழியியல் கற்பித்த ஆசான். மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இவ்வுரையில் அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அதன் காரணம் உரையின் இறுதியில் உங்களுக்கே விளங்கும்.

யார் தெரிவு செய்தார்கள்?

அறிஞர்களுள் யாரைப் பதிவு செய்வது என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. 1859இல் யாழ்ப்பாணத்தில் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து ‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். 1886இல் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வந்தது. 1902இல் முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’, 1910இல் சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ ஆகியன தொடர்ந்தன. பின்னர், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் ‘கலைக்களஞ்சியம்’ வெளிவந்தது.

இந்நூல்கள் அனைத்திலும் தெரிவு செய்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். அட்டையில் பெயர் இருக்கிறது. ஒரு புலவரைச் சேர்த்ததும் விட்டதும் தொகுத்தவரின் படிப்பையும் மதிப்பீட்டையும் பொறுத்தவை. அவரை நம்பினால் நூலை நம்பலாம்.

விக்கிப்பீடியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 2001இல் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தை எழுதுவோர் தன்னார்வலர்கள். பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். எழுதுபவர் பேராசிரியரா, பள்ளி மாணவரா என்பது படிப்பவருக்குத் தெரியாது. எனவே எழுதியவர்மீது வைக்க இயலாத நம்பிக்கையை அவர் காட்டும் சான்றின்மீது வைக்க வேண்டியிருக்கிறது. “எனக்கு அவரை நன்றாகத் தெரியும்” என்னும் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. இதனை ஆணவம் என்று கருதுவோர் உண்டு. அது ஆணவம் அன்று. ஆசிரியர் பெயரில்லாத நூலொன்று நம்பகமாக இருப்பதற்கு வேறு வழியில்லை.

ஒரு சொல்லில் நேர்ந்த மயக்கம்

பதிவுக்கான தகுதியை ஆங்கிலத்தில் ‘நோட்டபிலிட்டி’ என்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் இதற்குக் ‘குறிப்பிடத்தக்கமை’ என்னும் சொல்லை ஆள்கிறார்கள். ஆக்கம் சரியே. ஆயினும், மொழியியல் மாணவனாகிய எனக்கு அச்சொல்லில் ஒரு சிக்கல் தென்படுகிறது. ‘தக்க’ என்பது ‘தகு’ என்னும் வினையடியிலிருந்து வருவது. தகுதி, தகைமை, தக்கார் எல்லாம் அவ்வேரைச் சேர்ந்தவை. ஆதலால் ‘இவர் குறிப்பிடத்தக்கவர் அல்லர்’ என்று படித்தவுடன், ‘இவர் தகுதியற்றவர்’ என்றே நம் காதில் விழுகிறது. என் மாணவியின் சினத்திற்குப் பாதிக் காரணம் இந்தச் சொல்.

நடைமுறையில் அங்கே கேட்கப்படும் வினா வேறு. ‘இவரைப் பற்றியோ இவர் ஆய்வைப் பற்றியோ, இவரைச் சாராத பிறர், நம்பத்தகுந்த இடத்தில், போதிய அளவு எழுதியிருக்கிறார்களா?’ என்பதே அவ்வினா. எனவே ‘குறிக்கப்பட்டமை’ என்று சொல்லியிருந்தால் பொருள் தெளிவாக இருந்திருக்கும். தக்கமை ஒருவரிடம் உள்ள பண்பு. குறிக்கப்பட்டமையோ பிறர் செய்து முடித்த செயல். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கல்வியாளர்களுக்கான அளவுகோல்கள்

திரைக்கலைஞர்களையும் அரசியல்வாதிகளையும் பற்றி நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. ஆய்வாளரைப் பற்றி அவ்வாறு எழுதுவதில்லை. அவரைப் பற்றி எழுதாமல், அவர் ஆய்வைப் பயன்படுத்தி எழுதுவதே அறிவுலகின் வழக்கம். இதனை உணர்ந்து, ஆங்கில விக்கிப்பீடியா கல்வியாளர்களுக்கென்று தனி அளவுகோல்களை வகுத்துள்ளது. அவை எட்டு. அவற்றுள் ஒன்று நிறைவேறினாலும் போதும்.

ஒருவரின் ஆய்வு தம் துறையில் குறிப்பிடத்தக்க தாக்கத்தை ஏற்படுத்தியிருத்தல் முதலாவது. தேசிய அல்லது பன்னாட்டு அளவில் பெருமதிப்புள்ள விருது, கடுந்தேர்வுக்குப் பின் உறுப்பினராகும் உயர் அறிஞர் கழகத்தில் இடம், பல உயர்கல்வி நிறுவனங்களின் கற்பித்தலில் தாக்கம், பெரிய பல்கலைக்கழகத்தில் பெயர் சூட்டப்பட்ட இருக்கை, பல்கலைக்கழகத்தின் அல்லது பெரிய அறிஞர் சங்கத்தின் தலைமைப் பதவி, கல்வியுலகுக்கு வெளியே தம் புலமையால் விளைந்த தாக்கம், நிலைபெற்ற ஆய்விதழின் முதன்மை ஆசிரியர் பொறுப்பு ஆகியவை ஏனைய ஏழு. வெறுமனே பேராசிரியராக இருப்பதும், முனைவர் பட்டம் பெற்றிருப்பதும், பல மாநாடுகளில் கட்டுரை படித்திருப்பதும் இப்பட்டியலில் இல்லை.

தனிநாயகம் அடிகளை இந்த அளவுகோல்களில் வைத்துப் பாருங்கள். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ ஆய்விதழைத் தொடங்கி நடத்தினார். 1961 முதல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். இவை ஒவ்வொன்றுக்கும் அவரைச் சாராத அச்சுச் சான்று உண்டு. ஐயத்திற்கே இடமில்லை. கடினமான வழக்குகள் இவருக்கு அடுத்த படியில் தொடங்குகின்றன.

முதல் அளவுகோலான ‘தாக்கம்’ என்பதை எப்படி அளப்பது? அறிவியல் துறைகளில் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலர் முன்மொழிந்த எச்-குறியீடு பலருக்கும் தெரிந்திருக்கும். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு பத்து. மருத்துவத்தில் சாதாரணமான ஓர் எண் கணிதத்தில் பெரிதாக இருக்கலாம். தமிழியலுக்கு இவ்வெண்கள் ஏறத்தாழப் பயன்படுவதில்லை. நம் நூல்களும் மாநாட்டு மலர்களும் அந்தத் தரவுத்தளங்களில் பெரும்பாலும் ஏறவில்லை. ஏறியவையும் சிதறிக் கிடக்கின்றன. தனிநாயகம் என்னும் பெயரையே ரோமன் எழுத்தில் பிரித்தும் சேர்த்தும், ‘த’கரத்தை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும் எழுதியிருக்கிறார்கள். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறினால் ஒரே மனிதர் மூவராகிவிடுகிறார். ஆகவே மனிதவியல் துறைகளில் நூல் மதிப்புரைகளையும், பிற ஆய்வுகளில் ஒரு நூல் எவ்வாறு விவாதிக்கப்பட்டுள்ளது என்பதையும், நூலகங்களில் அது எவ்வளவு பரவியுள்ளது என்பதையும் பார்ப்பது வழக்கம்.

ஒரு நோபல் பரிசும் ஒரு மறுப்பும்

இவ்வளவு கவனமாக வகுத்த விதிகளும் தவறக்கூடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலர் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய வரைவு ஒன்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கப்படவில்லை. அவரைச் சாராத, நம்பத்தகுந்த இரண்டாம் நிலைச் சான்றுகள் போதவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 1903இல் மேரி கியூரி, 1963இல் மரியா கெப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பின் அப்பரிசைப் பெற்ற மூன்றாம் பெண்மணி அவர். மிகச் செறிவான, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை உண்டாக்கும் முறையை விளக்கி, தம் நெறியாளர் ஜெரார் மூருவுடன் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது 1985இல். மூருவுக்கு முன்பே பதிவு இருந்தது. ஸ்டிரிக்லண்டுக்கான பதிவு பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் உருவாயிற்று.

இந்நிகழ்ச்சியில் யார் தவறினார்கள்? 2013இல் அவர் ஒரு பெரிய ஒளியியல் அறிஞர் சங்கத்தின் தலைவராக இருந்தார். எட்டு அளவுகோல்களுள் ஒன்றின்படி அதுவே போதும். ஆகவே வரைவை மறுத்தவர் பிழை செய்தார் என்று வாதிடலாம். வரைவும் அத்தகுதியை வெளிச்சான்றுகளால் நிறுவும் வகையில் அமையவில்லை. அதற்கும் அப்பால் ஒரு பிழை உண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகளாக அவருடைய முறை ஆய்வகங்களிலும், பின்னாளில் கண் அறுவை மருத்துவத்திலும் பயன்பட்டு வந்தது. அந்த ஆண்டுகளில் அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று போதிய பேருக்குத் தோன்றவில்லை. கலைக்களஞ்சியம் காட்டிய வெற்றிடம் அதற்கு வெளியே முன்பே இருந்தது. பெண் ஆய்வாளர்களுக்கும், பெரிய நிறுவனங்களுக்கு வெளியே உழைத்தவர்களுக்கும், சிறிய மொழித்துறைகளில் இருப்பவர்களுக்கும் இவ்வெற்றிடம் பெரிது.

என் ஆசானின் வழக்கு

இப்போது என் மாணவியின் வரைவுக்கு வருகிறேன். இருவரும் அமர்ந்து அதனை வரிவரியாகப் படித்தோம். ‘ஒப்பற்ற பேரறிஞர்’, ‘தமிழுக்காகவே வாழ்ந்தவர்’ என்னும் தொடர்கள் இருந்தன. பிறந்த ஊர், பெற்ற பட்டங்கள், கலந்துகொண்ட மாநாடுகள் இருந்தன. அவர் என்ன கண்டறிந்தார் என்பது ஒரே வரியில் இருந்தது. சான்றுகள் மூன்று: துறையின் இணையப் பக்கம், மாணவர்கள் வெளியிட்ட நினைவு மலர், நான் ஆற்றிய ஓர் இரங்கலுரை. மூன்றும் ஒரே வீட்டுக்குள்ளிருந்து வந்த சாட்சிகள்.

பிறகு அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். பெரிய விருது இல்லை. இருக்கை இல்லை. தலைமைப் பதவியை அவர் நாடியவரே அல்லர். அவர் எழுதிய ஒலியியல் பாடக்குறிப்புகள் எங்கள் காலத்தில் கைக்குக் கை மாறின, ஆயினும் அச்சேறவில்லை. மீதமிருந்தது ஆய்வின் தாக்கம் ஒன்றே.

அவருடைய ஆய்வு தோட்டப்புறத் தமிழைப் பற்றியது. மலாய்ச் சொற்கள் தமிழர் நாவில் எவ்வாறு உருமாறின என்பதை அவர் தொழிலாளர் லயங்களில் மாதக்கணக்கில் தங்கிப் பதிவு செய்தார். ‘கெத்தா’ எப்படிக் ‘கித்தா’ ஆயிற்று, ‘கம்போங்’ எப்படிக் ‘கம்பம்’ ஆயிற்று என்பன போன்ற மாற்றங்களுக்கு ஒழுங்கான விதிகளைக் காட்டினார். அத்தோட்டங்களிற் பல இன்று இல்லை, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அப்பேச்சைப் பேசிய தலைமுறையும் இல்லை. தட்டச்சில் இருக்கும் அந்த ஆய்வேடு அதனால் இன்னும் அருமையானது. அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடினோம். அவருடைய மாணவர்கள் சிலருடைய ஆய்வேடுகளில் ஒன்றிரண்டு இடங்கள் கிடைத்தன.

அப்போதுதான் மாணவி என் ஆய்வேட்டையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். முன்னுரையில் என் ஆசானைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் அருளால் எழுதினேன், அவர் அடிகளை வணங்குகிறேன் என்றெல்லாம் இருக்கிறது. உள்ளே, ஏறத்தாழ நானூறு பக்கங்களில், அவர் ஆய்வைச் சுட்டும் அடிக்குறிப்பு ஒன்றே ஒன்று. மேலைநாட்டு மொழியியலாளர்களை நாற்பது, ஐம்பது இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அவருடைய விதிகளை நான் ஏற்றேனா, மறுத்தேனா, திருத்தினேனா என்று எங்கும் சொல்லவில்லை. வணங்கினேன், வாதிடவில்லை. ஆசானோடு வாதிடுவது மரியாதைக் குறைவு என்று அன்று நினைத்தேன்.

மாணவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பதிவை மறுத்த முகம் தெரியாத தன்னார்வலர்மீது எனக்கிருந்த குறை அன்றே அகன்றது. அவர் கேட்ட சான்றை முப்பது ஆண்டுகளாக எழுதாமல் இருந்தவன் நான்.

அவர்மேல் பெருமதிப்பு இருந்தும், இன்றுள்ள நிலையில் அவருக்குத் தனிப்பதிவு நிற்காது என்றே மாணவியிடம் சொன்னேன். அவருக்காக விதியை வளைத்தால், தம்மைத் தாமே புகழ்ந்து எழுதிக்கொள்வோருக்கும் அதே வாயில் திறந்துவிடும். அத்தகைய வரைவுகள் எவ்வளவோ வருகின்றன.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை

முதலில், ஒரு கல்வியாளரைப் பற்றிப் பதிவு எழுத எண்ணும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள். அவர் என்ன கண்டறிந்தார் என்பதை இரண்டு வாக்கியங்களில் என்னால் சொல்ல முடியுமா? அவரைச் சாராத எவர், எங்கே, எந்தப் பக்கத்தில் அதனைப் பற்றி எழுதியிருக்கிறார்? எட்டு அளவுகோல்களுள் எதனை அச்சான்று நிறைவு செய்கிறது? அவருக்கும் எனக்கும் உள்ள உறவு என் எழுத்தைச் சாய்க்கிறதா? இறுதி வினாவை விக்கிப்பீடியர்கள் ‘நலமுரண்’ என்று குறிப்பிடுகிறார்கள். மாணவர், உறவினர், உடன் பணியாற்றியவர் எல்லாரும் அதற்குள் அடங்குவர். வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு வரைவைக் கொடுத்து இந்நான்கு வினாக்களையும் கேட்கச் செய்தால், சான்றை எடைபோடும் பயிற்சி தானாகவே அமையும்.

இரண்டாவதாக, நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ஆங்கிலத்தில், இணையத்தில் இருந்தால்தான் சான்று என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. எம்மொழியில் உள்ள சான்றும், அச்சில் மட்டுமே உள்ள சான்றும் ஏற்கத்தக்கவை. இதழின் பெயர், நாள், பக்கம் ஆகியவற்றைத் துல்லியமாகத் தரவேண்டும்; அவ்வளவே. 1969இல் இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ இவ்வட்டாரத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடுவதற்கு இன்றும் நல்ல வழிகாட்டி. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்மய நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் படிக்கலாம். பலரைப் பற்றிய சான்றுகள் அங்கே உறங்கிக் கிடக்கின்றன.

மூன்றாவதாக, தனிப்பதிவு இயலாதபோதும் ஒருவரின் கண்டுபிடிப்புக்கு இடமுண்டு. மலேசியப் பேச்சுத்தமிழ் பற்றிய கட்டுரையில் அந்த ஆய்வின் முடிவை உரிய அடிக்குறிப்புடன் சேர்க்கலாம். மனிதருக்குப் பதிவு இல்லாவிட்டாலும் அவருடைய அறிவு வழக்கில் இருக்கும்.

நான்காவதாக, உயிரோடிருப்பவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பதிவு என்பது பட்டமோ பொன்னாடையோ அன்று. பதிவு உருவானபின் அது அவருடைய கட்டுப்பாட்டில் இராது. அவர் ஆய்வு பெற்ற கண்டனமும் சான்று இருந்தால் அங்கே ஏறும். ஆசிரியருக்குப் பிறந்தநாள் பரிசாகப் பதிவு எழுதித்தர எண்ணும் மாணவர்கள் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

இறுதியாக, நாம் எழுதத் தவறுகிற எழுத்துவகை ஒன்று உண்டு. பாராட்டுரையும் நினைவஞ்சலியும் நம்மிடம் குறைவில்லை. மதிப்புரை, மறுப்புரை, நூலடைவு, துறை வரலாறு ஆகியவை மிகக் குறைவு. ஒருவர் மறைந்தபோது அவர் பிறந்த ஆண்டையும், எழுதிய நூல்களையும், நிறுவிய கருத்தையும், அக்கருத்தின் குறையையும் பிழையின்றிச் சொல்லும் இரண்டு பக்கக் கட்டுரை, மலர் நிறைந்த நினைவிதழைவிட நெடுங்காலம் பயன்படும்.

நான் என் கடனைச் செலுத்தத் தொடங்கியிருக்கிறேன். என் ஆசானின் ஆய்வேட்டை எடுத்து, அவர் கூறிய விதிகளை மீண்டும் சோதித்து ஒரு கட்டுரை எழுதினேன். பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. ஒன்றை மட்டும் அவர் தவறாக வகுத்திருந்தார் என்று கருதுகிறேன், அதனையும் எழுதியிருக்கிறேன். அக்கட்டுரை பதிவுக்குச் சான்றாகப் போதாது என்பது எனக்குத் தெரியும். எழுதியவன் அவருடைய மாணவன் அல்லவா? ஆனால் அதைப் படித்துவிட்டு, அவரை ஒருமுறையேனும் கண்டிராத ஓர் இளம் ஆய்வாளர் அந்த ஆய்வேட்டின் படியைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் என்ன எழுதுவார் என்று தெரியாது. என் ஆசானை அவர் மறுத்து எழுதினாலும் மகிழ்வேன்.

இவ்வுரையில் ஆசானின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நான் இங்கே மீண்டும் ஒருமுறை அவரைப் புகழ்ந்துவிட்டு, கடமை முடிந்தது என்று அமர்ந்துவிடக் கூடாது. அவர் பெயர், அடுத்தவர் எழுதும் அடிக்குறிப்பில் வரட்டும்.

‘குறிக்கப்பட்டமை’ என்று முன்னர் ஒரு சொல்லைச் சொன்னேன். அது செயப்பாட்டு வினையிலிருந்து பிறந்த சொல். அத்தகைய சொல்லில் செயலைச் செய்தவர் வெளிப்படையாக நிற்பதில்லை; தேடிக் கண்டுகொள்ள வேண்டும். யாரால் குறிக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். நம் ஆசிரியர்களைப் பொறுத்தவரை, அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் நாம்தாம்.